குரல் நின்றால் பூஜ்யம்

அப்பா இறந்தபோது, அவர் எனக்கு அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் என் போனில் கேட்கப்படாமல் கிடந்தது. இரண்டு நிமிடம் பதினான்கு நொடி. புதன்கிழமை காலையில் அனுப்பினார். சனிக்கிழமை காலையில் போய்விட்டார். நடுவில் எனக்கு முழுசாக மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் போனில் எத்தனையோ உருப்படாத வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் ரொட்டி சானாய் மாவை வீசி விரிப்பதை நான்கு நிமிடம் உட்கார்ந்து பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பெற்ற தகப்பனுக்கு இரண்டு நிமிடம் இல்லை.

அப்பாவுக்கு டைப் பண்ண வராது. போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் லோரி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகும் சாலையை விடவில்லை. பழைய கூட்டாளிகள் அவருக்குப் போன் போட்டு எங்கே நெரிசல், எங்கே லோரி கவிழ்ந்து கிடக்கிறது என்று சொல்வார்கள். அதை அவர் காலை ஏழரைக்கு எனக்குப் பேசி அனுப்புவார். “ஹலோ பாப்பா, அப்பா பேசுறேன்,” என்றுதான் ஆரம்பிப்பார். வேறு யார் பேசப் போகிறார்கள்? நான் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன், ஐந்து நிமிடம் நடந்தால் வேலையிடம். என்னிடம் கார் கிடையாது. ஃபெடரல் ஹைவேயில் ஜாம் இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன?

அவர் செய்தியை நான் கேட்டுவிட்டால், அவர் போனில் அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன மைக் படம் சாம்பலிலிருந்து நீலமாக மாறும். இதை அவருக்குக் காட்டிக் கொடுத்தவன் என் தம்பி. பாவி. அன்றிலிருந்து, “பாப்பா, மைக்கு இன்னும் நீலமாவலையே, ரொம்ப பிஸியா?” என்று பின்னாலேயே இன்னொரு செய்தி வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலை நேரத்தில் மனுஷியைத் தொந்தரவு செய்கிறார் என்று அலுத்துக்கொள்வேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு பூக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் இடம். கல்யாண அழைப்பு, கோயில் திருவிழா அறிவிப்பு, தைப்பூச நேரத்தில் பத்துமலைக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களின் வாழ்த்து என்று எல்லாவற்றையும் அசையும் படமாகச் செய்து கொடுப்போம். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்கள் நினைவஞ்சலி வீடியோவுக்குத்தான் வருவார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் டிவியில் போடுவதற்கு.

எங்கள் அனிமேஷன் மென்பொருளில் எல்லாமே லேயர்தான். பின்னணி ஒரு லேயர், இறந்தவரின் படம் ஒரு லேயர், மாலை ஒன்று, குத்துவிளக்கு ஒன்று, சுடர் ஒன்று. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் இருக்கும். ஒவ்வொரு லேயருக்கும் இடம், அளவு, சாய்வு, ஒளி என்று சில குணங்கள் உண்டு. ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணை நொடிக்கு நொடி மாற்றினால் படம் அசையும்.

நான் செய்யும் வீடியோவில் இறந்தவரின் குரலுக்கு ஏற்ப விளக்கின் சுடர் ஆடும். எல்லார் வீட்டிலும் இப்போது செத்தவர் குரல் போனில் இருக்கிறது. அதைக் கொண்டு வருவார்கள். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகக் கேட்டு, சுடரின் அளவைக் கையால் குறிப்பேன். குரல் ஏறும் இடத்தில் நூறு, தணியும் இடத்தில் எழுபது, மூச்சு வாங்கும் இடத்தில் ஐம்பது. ஒரு நிமிடக் குரலுக்கு ஒரு நாள் பிடிக்கும். முன்பின் பார்க்காத எத்தனையோ பேர் எங்கே மூச்சு வாங்குவார்கள், எந்த எழுத்தை விழுங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். ஐம்பதுக்குக் கீழே நான் போனதே இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

இப்படி ஒவ்வொரு எண்ணாகக் குறிக்காமல், எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று வரி நிரல் எழுதி வைக்கலாம். எக்ஸ்பிரஷன் என்போம். ஒலி எவ்வளவு உயர்கிறதோ அதைப் பார்த்துச் சுடரின் அளவை நீயே மாற்றிக்கொள் என்று லேயருக்கே சொல்லிவிடுவது. நான் வரைகிற ஆள். நிரல் எழுதப் போனால் எங்கேயாவது ஒரு அடைப்புக்குறியை மறந்து, மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வரும். அதனால் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். ஏஐ வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. வேண்டியதை வாயால் சொல்வதுபோல் எழுதினால் போதும், அது நிரலைக் கொடுத்துவிடும். மாலை லேசாக ஆடுவது, பெயர் நீளமாக இருந்தால் எழுத்து தானே சிறியதாவது, பூ உதிர்வது, எல்லாவற்றையும் அதனிடம் கொடுத்துவிட்டேன். சுடரை மட்டும் கொடுக்கவில்லை. அது என் கைவேலை என்று ஒரு திமிர்.

அப்பாவைத் தகனம் செய்து மூன்றாம் நாள். கிள்ளான் வீட்டில், அப்பாவின் படத்துக்கு முன்னால் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினாறு நாளும் அது நிற்கக் கூடாது. அம்மா எண்ணெய் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால்கூட, “நீ வந்து பாத்துக்க, அப்பதான் எந்திரிப்பேன்,” என்றார். விளக்குக்குப் பக்கத்தில் அப்பாவின் போன் சார்ஜரில் சொருகிக் கிடந்தது.

“இத எதுக்கும்மா சார்ஜ் போட்டு வச்சிருக்கீங்க? யாரு பேசப் போறா?” என்றேன். துக்கத்திலும் என் வாய் அப்படித்தான்.

“இருக்கட்டும்,” என்றார் அம்மா.

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். “பாப்பா, ஊருக்கெல்லாம் வீடியோ பண்ணிக் கொடுக்கிற. அப்பாவுக்கு நீதான் பண்ணணும்.”

“பண்றேம்மா.”

“கடைசியா உனக்கு ஒண்ணு பேசி அனுப்பினாரே, புதன்கிழமை. நான் பக்கத்துலதான் இருந்தேன். அதைப் போடு. அதுல நல்லா பேசுனாரு.” என் முகத்தைப் பார்த்தார். “நீ கேட்டேல்ல?”

“கேட்டேம்மா,” என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். அம்மாவுக்குப் போன் என்றால் பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைக்கலாம், அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அம்மா திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டு, எண்ணெய் ஊற்றினார்.

வேலையிடத்துக்குப் போய் அந்தச் செய்தியைப் போனிலிருந்து கணினிக்கு மாற்றினேன். கோப்பாக மாற்றுவதற்குக் கேட்க வேண்டியதில்லை. ஹெட்போனை மாட்டினேன். விரல் பொத்தான் மேல் இருந்தது. என்னால் அமுக்க முடியவில்லை. கேட்டால் நான் கேட்காமல் விட்டது உறுதியாகிவிடும். அவர் ஏதாவது கேட்டிருந்தால் அதற்குப் பதில் சொல்ல இனி வழியில்லை. நெஞ்சு வலி என்று சொல்லியிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஏஐயின் ஜன்னலைத் திறந்தேன். ஊரார் அப்பாக்களுக்கெல்லாம் கையால் ஏற்றிய சுடரை என் அப்பாவுக்கு மட்டும் இயந்திரத்திடம் கொடுத்தேன். வேலை மிச்சம் என்பதற்காக இல்லை. கேட்காமல் தப்பிக்க வேண்டும், அதற்காகத்தான். இரண்டு நிமிடக் குரலைக் கையால் செய்தால் ஒரு வார்த்தையை நாற்பது தடவையாவது கேட்டாக வேண்டும்.

நான் எழுதியது இதுதான்: “ஆடியோ லேயரின் ஒலி அளவை வைத்து சுடர் லேயரின் ஸ்கேலை, அதாவது அளவை, மாற்ற வேண்டும். குரல் உச்சத்தில் நூறு. குரல் நின்றால் பூஜ்யம். மாற்றம் மென்மையாக இருக்கட்டும்.”

பூஜ்யம் என்று நான்தான் எழுதினேன். ஒன்றுமில்லாததற்குப் பூஜ்யம், நிறைந்ததற்கு நூறு என்று கை பாட்டுக்கு எழுதிவிட்டது. ஏஐ நான்கு வரி கொடுத்தது. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று மரியாதையாக விளக்கியது. ஒட்டினேன். ஸ்பீக்கரை அமர்த்திவிட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் பதினைந்து நொடி பார்த்திருப்பேன். அப்பா ஜாம் பற்றிப் பேசும்போது மூச்சு விடாமல் பேசுவார். அதனால் அந்தப் பதினைந்து நொடியும் சுடர் அழகாக ஆடியது. நான் கையால் செய்வதைவிட நன்றாகவே ஆடியது என்று சொன்னால் அதுவும் உண்மை. அதற்குமேல் பார்க்கவில்லை.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டின் கடைசியில் நீளமான ஒரு வெறுமையும், அதற்குப் பிறகு சின்னச் சின்ன அலைகளும் தெரிந்தன. அது அப்பாவின் வழக்கம். “சரி, வச்சிடுறேன்,” என்று சொல்லிவிட்டு, அனுப்பும் பொத்தானை அமுக்க மறந்துவிடுவார். கோப்பை வைக்கும் சத்தம், இருமல், டிவி எல்லாம் அரை நிமிடத்துக்குப் பதிவாகும். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் குரலிலும் இந்த மாதிரி வால் இருக்கும், வெட்டிவிடுவேன். இதையும் வெட்டினேன்.

பதினாறாம் நாள். காலையில் கடலோரத்தில் காரியம் முடித்துவிட்டு எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். தம்பி எங்கள் வீட்டு டிவியைத் தூக்கிவந்து மேடை ஓரத்தில் வைத்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோவைப் போட்டோம். அம்மா முதல் வரிசையில், சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் தூணோரமாக நின்றேன்.

“ஹலோ பாப்பா, அப்பா பேசுறேன்.”

லோரி ஓட்டிய கூட்டாளிகள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுபாங் பக்கம் ஒரு லோரி படுத்துக் கிடக்கிறது, கிள்ளான் பாலம் வரைக்கும் வண்டி நகரவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே போனார். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். சுடர் ஆடியது. “நீ நடந்துதான் போற, தெரியும். இருந்தாலும் சொல்றேன்,” என்றார் அப்பா.

பிறகு அப்பா நிறுத்தினார். அவர் பேச்சே அப்படித்தான். ஒரு விஷயம் முடிந்து அடுத்த விஷயத்துக்குப் போகும் முன் சிக்னலில் நிற்பதுபோல் நிற்பார். குரல் நின்றது. சுடர் சுருங்கிச் சுருங்கி, இல்லாமல் போனது. டிவியில் அப்பாவின் படம், அதற்கு முன்னால் வெறும் விளக்கு.

“ஐயோ, விளக்கு அணைஞ்சிடுச்சு!” என்றார் சித்தி.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். படுக்கும் முன் பூஜை அறை விளக்கை நிறுத்துவதென்றால்கூட ‘மலையேத்திட்டேன்’ என்றுதான் சொல்வோம். வாயால் ஊதக் கூடாது, பூவால்தான் தொட வேண்டும். பதினாறு நாள் ஒரு நிமிடம் நிற்காமல் அம்மா காத்த விளக்கு. காரியத்தன்று, நாலு பேர் முன்னால், டிவியில் அப்பாவின் முகத்துக்கு நேராக நின்றுவிட்டது.

“ஞாயித்துக்கிழமை வரியா பாப்பா?” என்றார் அப்பா. சுடர் மறுபடி எழுந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். அவர் மறுபடி நிறுத்தினார். மறுபடி போயிற்று.

அம்மா எழுந்துவிட்டார். நேராக டிவியிடம் போய், இரண்டு கைகளையும் குவித்து, கண்ணாடித் திரையில் அந்தச் சுடர் இருந்த இடத்தைச் சுற்றி வைத்துக்கொண்டார். காற்றில் ஆடும் விளக்குக்கு மறைப்பு கொடுப்போமே, அதே மாதிரி. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. “ஃபேன நிறுத்துங்க, ஃபேன நிறுத்துங்க!” என்று கத்தினார். யாரோ ஓடிப்போய் நிறுத்தவும் செய்தார்கள். நான் தூணைப் பிடித்தபடி நின்றேன். தம்பிதான் பாய்ந்து போய் வீடியோவை நிறுத்தினான்.

அதற்குப் பிறகு அம்மா அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “அவரு மனக்குறையோடதான் போயிருக்காரு. எனக்கு அப்பவே தெரியும்.” அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து விளக்கினேன். “அம்மா, அது வெறும் நம்பர்ம்மா. குரல் இல்லாத எடத்துல சைபர்னு போட்டிருந்துச்சு. அதான் காணாம போச்சு. அப்பாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“சைபர்னு யாரு போட்டா? அந்த கம்ப்யூட்டரா?”

“இல்ல. நான்தான்.”

“நீயாவா போட்ட?” என்றார் அம்மா. எழுந்து விளக்குப் பக்கம் போய்விட்டார்.

என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த பத்து நாளும் போன் செய்தால், “சாப்ட்டேன், தூங்கினேன், வச்சிடவா?” என்று மூன்று வார்த்தையில் முடித்தார். தம்பி தனியாகப் பேசினான். “அம்மா சரியாவே இல்லக்கா. அப்பாவோட போன எடுத்து எடுத்துப் பாக்குறாங்க. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாங்க. நீ அத சரி பண்ணிக் கொண்டாந்து காட்டு. நிக்காம எரியிறத ஒரு தடவ பாத்தாங்கன்னா மனசு ஆறும்.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தச் சுடர்தான் அம்மாவின் மனதை அரிக்கிறது என்று நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், வேலையிடத்தில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்தேன். கோபம் கோபமாக வந்தது. முதலில் ஏஐயிடம் சண்டைக்குப் போனேன். “இறந்தவர் படத்துக்கு முன்னால் விளக்கு நிற்கக் கூடாது என்று உனக்குத் தெரியாதா?” என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, தமிழர் வீட்டில் விளக்கு என்றால் என்ன, துக்க காலத்தில் அதை ஏன் காக்கிறார்கள், அணைப்பது என்ற சொல்லை ஏன் தவிர்க்கிறார்கள் என்று ஐந்து பத்தி எழுதியது. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. அதற்குத் தெரியும். எனக்கும் தெரியும். அது யாருடைய விளக்கு என்று நான் சொல்லவே இல்லை. சும்மா லேயர், ஸ்கேல், நூறு, பூஜ்யம் என்று எழுதினால் அதுவும் என்ன செய்யும்?

திருத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூஜ்யம் இருந்த இடத்தில் ஐம்பத்தைந்து. அவ்வளவுதான். குரல் நின்றாலும் சுடர் பாதிக்குக் கீழே இறங்காது.

ஆனால் இந்தத் தடவை முழுசாகப் பார்க்காமல் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. ஸ்பீக்கரைத் திறந்து ஓடவிட்டேன். ஜாம் வந்தது. “நீ நடந்துதான் போற” வந்தது. மண்டபத்தில் கேட்ட “ஞாயித்துக்கிழமை வரியா” வந்தது. அதற்குப் பிறகு இருந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

“கேரி தீவுலேர்ந்து நண்டு கொண்டாந்து தர்றேன்னு ஒருத்தன் சொல்லிருக்கான். நீ வந்தா வாங்குறேன். வராட்டி பரவால்ல, முன்னாடியே சொல்லிடு, வேணாம்னு சொல்லிர்றேன். உங்கம்மாவுக்கு நண்டு ஒத்துக்காது, நான் ஒருத்தனா என்னத்த திங்கிறது.” நிறுத்தம். சுடர் தாழ்ந்து நின்று எரிந்தது. “கால் வலிக்குதுன்னியே, செருப்ப மாத்துனியா? சரி, வச்சிடு...”

நெஞ்சு வலி என்று ஒன்றும் சொல்லவில்லை. நண்டு. செருப்பு. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பூக்கடைக்கார அக்கா கீழேயிருந்து, “என்னாச்சும்மா?” என்று கூப்பிட்டுக் கேட்கும் அளவுக்கு அழுதேன்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோதுதான் அந்தக் கடைசி வார்த்தை உறைத்தது. வாலை வெட்டும்போது அவசரத்தில் ‘வச்சிடுறேன்’ பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. கேட்காமல் வெட்டினால் இப்படித்தான். அப்பாவை அரை வார்த்தையில் நிறுத்தி அம்மாவிடம் காட்ட மனசு கேட்கவில்லை. முழு வார்த்தை எங்கே முடிகிறது என்று பார்க்கப் போனை எடுத்து, அந்தப் பழைய செய்தியிலேயே விரலை வைத்து ஓடவிட்டேன். மறுபடி முதலிலிருந்து கேட்டேன். இப்போது அவசரம் இல்லை.

“சரி, வச்சிடுறேன்.”

அப்புறம் கோப்பையை வைக்கும் சத்தம். டிவியில் யாரோ செய்தி வாசித்தார்கள். கொஞ்சம் தள்ளி அம்மாவின் குரல்.

“இம்புட்டு நேரம் என்னத்த பேசுறீங்க? அவ எங்க கேக்கப் போறா. போன வாரம் அனுப்புனதயே கேக்கல.”

அப்பா இருமினார். “வேலையா இருப்பா லா. சும்மா கெட. அப்புறம் கேப்பா.”

அதோடு முடிந்தது.

இந்த வாலையும் சேர்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். அது வீடியோவுக்கான பேச்சு இல்லை. ‘வச்சிடுறேன்’ வரைக்கும் சரியாக நீட்டி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு, ரயில் பிடித்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இனிமேல் சுடர் நிற்காதும்மா, பாருங்கள், என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னதைச் சொல்வதா வேண்டாமா என்பதைத்தான் முடிவு செய்ய முடியவில்லை.

ரயில் ஷா ஆலாமைத் தாண்டியிருந்தது. விளக்கேற்றும் நேரம். என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் ‘அப்பா’ என்று வந்தது.

பச்சையை அமுக்கிக் காதில் வைத்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“பாப்பா,” என்றது அம்மாவின் குரல். “நீலமாயிடுச்சு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“விளக்கேத்திட்டு, எப்பயும் போல எடுத்துப் பாத்தேன். அந்த மைக்கு நீலமாயிடுச்சு. இன்னிக்குத்தான் கேட்டியா?”

“ஆமாம்மா. இன்னிக்குத்தான். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“தம்பி அப்பாவுக்குக் காட்டுனப்ப நானும்தான் பக்கத்துல இருந்தேன். உங்கப்பா புதன்கிழமை பூரா அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. வியாழக்கிழமையும் பாத்தாரு. அவரு போனதுக்கப்புறம் நான் பாத்துக்கிட்டு இருந்தேன்.” அம்மா கொஞ்சம் நிறுத்தினார். அப்பாவைப் போலவே நிறுத்தினார். “நீ கேக்கவே மாட்டேன்னு நான் சொன்னேன் பாப்பா. அவரு அப்புறம் கேப்பான்னு சொன்னாரு. நான்தான் நம்பல.”

ஒரு நிலையத்தில் ரயில் நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி கிளம்பியது. நான் அழுவது அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அம்மா போனை வைக்கவில்லை.

“வீடியோவ சரி பண்ணிட்டேம்மா,” என்றேன் கடைசியில். “இனிமே சுடர் நிக்காது. எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கேன்.”

“அது கெடக்குது, வா,” என்றார் அம்மா. “இந்த போனு நாள் பூரா சொருகியே இருந்து கொதிக்குது பாப்பா. இனிமே சார்ஜரக் கழட்டிடவா?”

“கழட்டிடுங்கம்மா,” என்றேன்.